அம்மாவின் ஆறு மாடிகள்

280-ஐ 150-ஆல் வகுத்தால் 1.87 வரும். பள்ளியில் கணக்குப் பாடத்தைக் கண்டாலே ஓடிய நான், நாற்பதைத் தாண்டிய வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். ராபிள்ஸ் பிளேஸில் 1986-ல் எழுந்த ஓயுபி சென்டரின் உயரம் 280 மீட்டர். நான் கட்டிக்கொண்டிருந்த மாதிரி நகரத்தின் அளவு, நிஜத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. அதே கணக்கில் அந்தக் கட்டடத்தைச் செய்தால் 1.87 மீட்டர் வரும். அதை வைக்கும் மேசை 75 சென்டிமீட்டர். கூட்டினால் 2.62 மீட்டர். செங்காங்கில் இருக்கும் எங்கள் வீவக வீட்டின் கூரையோ தரையிலிருந்து 2.6 மீட்டர்தான். இரண்டு சென்டிமீட்டர் இடிக்கிறது. மேல்வீட்டு ஆன்ட்டியிடம் போய், "உங்கள் வீட்டுத் தரையில் ஒரு கட்டடத்தின் நுனி மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க முடியுமா?

மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். ரயிலைச் சரியான அளவில் ஓட்டுவார்கள். ரயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் கடைவீட்டைச் சரியான அளவில் செய்வார்கள். பின்னால் நிற்கும் உயர்மாடிக் கட்டடங்களை மட்டும் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறுக்கிவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. ரயில்தானே ஓடுகிறது, கண் அதைத்தான் தொடரும். நானும் குறுக்கினேன். 52 மாடியை 26 ஆக்கினேன். மாடிகளை எண்ணிப் பார்க்கும் ஒருவர் என் வீட்டிலேயே இருப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த ரயில் பைத்தியம் எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது ஸ்பாட்டிஸ்வுட் பார்க்கில், ஒன்பதாம் மாடியில். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த இடத்தைச் சொன்னால் விழிக்கிறார்கள். வீட்டுக் கதவைத் திறந்து தாழ்வாரச் சுவரில் மோவாயை வைத்தால், நேர் கீழே தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் தண்டவாளங்கள். அதற்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். இடப்பக்கம் தலையைத் திருப்பினால் ஷென்டன் வே கட்டடங்கள். எங்கள் குடும்பத்தின் பிழைப்பு மொத்தமும் அந்த ஒரு பார்வைக்குள் அடங்கும். அப்பா துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அம்மா அந்த உயரக் கட்டடங்களில் ஒன்றில் துப்புரவு வேலை. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த அம்மா, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் கீழே தெரியும் அதே நிலையத்தில்தான்.

1932-ல் திறக்கப்பட்ட நிலையம் அது. முகப்பில் நான்கு பெரிய பளிங்குச் சிலைகள்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். சிங்கப்பூர் மண்ணில் இருந்தாலும் நிலையமும் தண்டவாளமும் மலாயா ரயில்வேயினுடையவை. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராகிம் தாமே ஓட்டிச் சென்ற கடைசி ரயில் அங்கிருந்து புறப்பட்டது. நானும் அப்பாவும் கூட்டத்தில் நசுங்கி நின்று கையசைத்தோம். வீட்டுக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. மறுவாரம் ஒரு கடைக்குப் போய் கேட்டோ நிறுவனத்தின் முதல் ரயில் பெட்டியை வாங்கினேன். மனைவி விலையைக் கேட்டார். நான் பாதியைச் சொன்னேன்.

இதை ‘என்’ அளவு ரயில் என்பார்கள். தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த ‘என்’. தமிழில் எழுதினால் ‘என்னுடைய அளவு’ என்றும் படிக்கலாம், அதுவும் பொருந்தும். ஐரோப்பாவில் இது 160-ல் ஒரு பங்கு, ஜப்பானில் 150-ல் ஒரு பங்கு. மலாயா ரயில்வேயின் ஒரு மீட்டர் அகலப் பாதையை 150-ஆல் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர்கூட வராது. ஆக, என் ரயில் ஓடுவது நியாயமாக இருக்க வேண்டியதைவிட அகலமான பாதையில். ஜப்பானியர்களின் பழைய ரயில் பாதையும் 1,067 மில்லிமீட்டர்தான். அவர்களும் அதே பொய்யைத்தான் சொல்கிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

இன்னொரு பொய்யும் உண்டு. தஞ்சோங் பகார் என்பது கடைசி நிலையம். பாதை அங்கே முடிந்துவிடும். ஆனால், மேசைமேல் ரயில் வந்து நின்று, மறுபடி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? என் மகளுக்கு ரயில் என்றால் சுற்ற வேண்டும். ஆகவே நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதையை நீட்டி, ஷென்டன் வே கட்டடங்களுக்குப் பின்னால் மறைத்து, ஒரு வளையமாக இணைத்தேன். மேசை 180-க்கு 90 சென்டிமீட்டர். 31.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவு அதில் தாராளமாக அடங்கும். நிஜத்தில் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் தரைமேல் ரயில் ஓடியதே இல்லை. 1987 இறுதியில் எம்ஆர்டி வந்தது, அதுவும் பூமிக்கு அடியில்.

ரயில் இரண்டு மாதத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. விளக்குகள்தாம் இரண்டு ஆண்டுகளைத் தின்றன.

முதலில் கட்டியது நாங்கள் சின்ன வயதில் ‘உருண்டைக் கட்டடம்’ என்று சொன்ன அந்த உருளைக் கட்டடத்தை. 1986-ல் திறந்தபோது அதன் பெயர் டிரெஷரி பில்டிங், 52 மாடி. பிறகு பெயர்கள் மாறின. இப்போது அதை இடித்தே விட்டார்கள். என் மேசையில் அது ஒரு சுவரொட்டி சுருட்டி வைக்கும் அட்டைக் குழாயில் தொடங்கியது. குழாய்க்கு வெள்ளைச் சாயம் பூசி, அதன்மேல் எல்இடி பட்டையைக் கொடிபோலச் சுற்றினேன். வெளியே வட்டமான அக்ரிலிக் தட்டுகள், அவற்றைச் சுற்றிச் சன்னல் கோடுகளை அச்சிட்ட கண்ணாடித்தாள். அந்தத் தாளுக்கு உட்புறம் ஒரு சுற்று டிரேசிங் பேப்பர். இந்த டிரேசிங் பேப்பரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாகக் கண்ணைக் குத்தும். கட்டடத்துக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும்.

விளக்கைப் போட்டுப் பார்த்த முதல் நாள் இரவு, மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, சிராங்கூன் சாலை தீபாவளி ஒளியூட்டா?" என்றார். உண்மைதான். அவ்வளவு வெளிச்சம். சுவர் மூலைகளில் இருந்தெல்லாம் ஒளி கசிந்தது. மெல்லிய அட்டைச் சுவருக்குள்ளிருந்து கட்டடமே சிவப்பாகத் தணல்போல் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். உட்சுவருக்கு முதலில் கறுப்புச் சாயம், அதன்மேல் வெள்ளை. மூலைகளில் அலுமினியத் தாள் ஒட்டுநாடா. மாடிக்கு மாடி கறுப்பு அட்டையால் தடுப்பு.

வெளிச்சத்தைக் குறைப்பது சின்ன மின்தடையின் வேலை. 12 வோல்ட் மின்சாரத்தில் ஒரு வெள்ளை எல்இடி 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 9 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும். பாடப்புத்தகக் கணக்குப்படி 470 ஓம் போட்டால் கிட்டத்தட்ட 20 மில்லிஆம்பியர் ஓடும். கண் கூசும். 2,200 ஓம் போட்டேன், 4 மில்லிஆம்பியராகக் குறைந்தது. அப்போதுதான் முதன்முதலாக அது பொம்மைபோல் இல்லாமல், தூரத்தில் நிற்கும் கட்டடம்போல் தெரிந்தது. இந்த மின்தடைகளை நான் வாங்கியது சிம் லிம் டவரில். அங்கே ஒரு கடையின் முதியவர், நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நூறு நூறாக வாங்குவதைப் பார்த்துவிட்டு, தொழிற்சாலை வைத்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நிறத்திலும் ஏமாந்தேன். வீடு என்றால் மஞ்சள் ஒளி, அலுவலகம் என்றால் வெள்ளை ஒளி என்று எல்லாரும் செய்வதைப் பார்த்து, வீவக புளோக்குகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் எல்இடி போட்டேன். தங்கை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நம்ம வீட்டுல எப்பண்ணே மஞ்ச லைட் இருந்துச்சு? வெள்ள டியூப் லைட்டுதானே, அதுவும் விட்டு விட்டு எரியும்." எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். மஞ்சள் விளக்குகள் தெருவிளக்குக்குப் போயின. அந்தக் காலத்துத் தெருவிளக்குகள் ஆரஞ்சு நிறம்தான், அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பா போய்விட்டார். அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று எங்களோடு வந்து தங்கினார். எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஒன்று எங்களுக்கு, ஒன்று மகளுக்கு, மூன்றாவது ரயிலுக்கு. இந்த வாக்கியத்தை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

மேசையைப் பிரித்துவிடுவதாகத்தான் முடிவு செய்திருந்தேன். கட்டடங்களைப் பெட்டியில் போட்டு வீட்டின் பாதுகாப்பு அறைக்குள் அடுக்கலாம் என்று அளவுகூட எடுத்துவிட்டேன். அம்மா துணிப்பையோடு அறைக்குள் வந்தார். மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். "கட்டில் இந்தப் பக்கம் போட்டா இடம் இருக்கே. இருந்துட்டுப் போகட்டும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தா வெளிச்சத்துக்கு ஆகும்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து ஷென்டன் வேயின் அடியில் அம்மா தூங்குகிறார்.

இரண்டு மாதம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்த லைட்டு தப்பா இருக்கு தம்பி" என்றார்.

"எந்த லைட்டும்மா?"

"எல்லாமே. ஆபீசு பில்டிங் ராத்திரியில அப்படி எரியாது."

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. புகைப்படங்களைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னேன். மேலே சில சன்னல்களை இருட்டாக விட்டிருக்கிறேனே, ஒழுங்கில்லாமல் இருக்கட்டும் என்று பகடையை உருட்டி உருட்டி எந்தச் சன்னல் எரிய வேண்டும் என்று முடிவு செய்தேனே என்றேன். அம்மா கையை மட்டும் அசைத்தார், ஈயை விரட்டுவதுபோல்.

"போட்டோ எல்லாம் ஏழு மணிக்கு எடுத்திருப்பாங்க. ஆளுங்க போனதுக்கப்புறம் பார்த்திருக்கியா? ஒரு மாடிதான் எரியும். நாங்க எந்த மாடியில நிக்கிறோமோ அந்த மாடி. மேலேருந்து ஆரம்பிப்போம். லைட்டப் போடுவோம், குப்பையக் கொட்டுவோம், வேக்கம் அடிப்போம், கப்பெல்லாம் கழுவி வைப்போம், லைட்ட அணைச்சிட்டு அடுத்த மாடிக்கு இறங்குவோம். ரெண்டு மாடி சேந்து எரிஞ்சா கீழே இருந்து சூப்பர்வைசர் ஏசுவாரு."

"உங்களுக்கு எத்தனை மாடி?"

"ஆறு. எனக்கும் ஆ சோவுக்கும் சேத்து ஆறு."

ஒன்பது ஆண்டுகள் அம்மா அந்த வேலைக்குப் போனார். அவருக்கு எத்தனை மாடி என்று நான் கேட்டது அன்றுதான்.

சாயந்திரம் ஐந்தரை மணிக்கு, அலுவலகத்தில் இருந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், அம்மா உள்ளே போகப் புறப்படுவார். ஆன்சன் ரோடு வழியாக நடை. பஸ் காசு மிச்சம். அப்பாவுக்கு இரவு ஷிப்ட் என்றால் வீட்டில் நானும் தங்கையும் மட்டும். சாப்பிட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொள்வோம். கீழே கோலாலம்பூர் போகும் இரவு ரயில் தயாராகிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் உருண்டைக் கட்டடம். தங்கை அழத் தொடங்கும்போதெல்லாம் நான் அதில் ஒரு சன்னலைக் காட்டுவேன். "அதோ பாரு, அந்த லைட்டுதான் அம்மா. அது அணைஞ்சா அம்மா கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம்." சில நாள் அது அணைந்து வெகு நேரம் கழித்துத்தான் அம்மா வருவார். சில நாள் அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் அது எரிந்துகொண்டிருக்கும். அம்மா மறந்துபோய் அணைக்காமல் வந்துவிட்டார் என்று தங்கையிடம் சொல்லிச் சமாளிப்பேன்.

இதை அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். உருண்டைக் கட்டடத்தைத் தொட்டுக் காட்டி, எந்த மாடி என்று கேட்டேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் போய் நிறுத்தினார். "அங்க நான் போனதே இல்லடா. நம்ம பில்டிங் ராபின்சன் ரோட்டுல. இதுக்குப் பின்னாடி. நம்ம வீட்டுலேருந்து பார்த்தா அது தெரியவே தெரியாது."

என் மேசையில் உருண்டைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு காலி இடம். ரயிலை மறைக்கும் வளைவு போகும் இடம். அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நுரைப்பலகையைச் சாயம்கூடப் பூசாமல் விட்டிருந்தேன்.

பேச்சு அப்படியே நீண்டது. அன்று இன்னொன்றும் வெளியே வந்தது. தொடக்கப்பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு படிவம் தருவார்கள். தாயாரின் தொழில் என்ற இடத்தில் நான்காம் வகுப்பிலிருந்து நான் ‘ஹவுஸ்வைஃப்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன். வகுப்பில் படிவங்களைப் பின்னாலிருந்து முன்னால் கைமாற்றி அனுப்புவார்கள், நடுவில் எல்லாரும் படிப்பார்கள். அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில் கீழே கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவேன். முப்பது ஆண்டுகளாக மனைவிக்குக்கூடச் சொல்லாத விஷயம். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன்.

"தெரியுமே" என்றார் அம்மா. "குப்பைக்கூடைப் பக்கத்துல பெட்டி இருக்கும். அதுமேல ‘இதை எறியாதே’ன்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டியிருப்பாங்க. சிலதுல ‘எறி’ன்னு எழுதியிருப்பாங்க. அதப் படிக்கத் தெரியாம அந்த வேலைய ஒரு நாள் செய்ய முடியுமா? ஹவுஸ்வைஃப்னு படிக்கத் தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"நீ எழுதிட்டு வந்து நிக்கிறியே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் கேட்டார்.

அடுத்த வாரமே காலி இடத்தில் வேலையைத் தொடங்கினேன். அம்மாவுக்குக் கட்டடத்தை வெளியிலிருந்து வர்ணிக்கத் தெரியவில்லை. எத்தனை மாடி, சன்னல் எப்படி, என்ன நிறம் எதுவும் நினைவில்லை. எப்போதும் பின்வாசல் வழியாக, சாமான் ஏற்றும் மின்தூக்கியில் போனவர். உள்ளே மட்டும் எல்லாம் தெரியும். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், எந்த மூலையில் கம்பளம் கிழிந்திருக்கும், எந்த மேசையின் கீழ் பிஸ்கட் தூள் கிடக்கும். அந்தக் கட்டடம் எது என்று எனக்குப் பிறகு தெரிந்தது. பெயர் வேண்டாம். சாதாரணப் பெட்டிபோன்ற கட்டடம்.

ஒரு மாடி எரிந்து அணைந்து அடுத்த மாடி எரிவதற்குக் கணினி எதுவும் வேண்டாம். இரண்டு சின்னச் சில்லுகள் போதும், இரண்டும் பல பத்தாண்டுகளாகக் கடைகளில் கிடைப்பவை. 555 என்ற சில்லு கடிகாரம்போல் துடிக்கும். 4017 என்ற சில்லு அந்தத் துடிப்பை எண்ணும். அதற்குப் பத்து முனைகள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் வரும், மற்ற ஒன்பதும் அணைந்திருக்கும். அம்மா சொன்ன சூப்பர்வைசர் அந்தச் சில்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது முனையை எடுத்து ரீசெட் காலில் இணைத்துவிட்டால், ஆறு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முனைக்கும் ஒரு டிரான்சிஸ்டர், அதன் வழியாக மாடிக்கு நான்கு எல்இடி. ஒரு முழு ஞாயிறு பற்றவைத்தேன். இரண்டு எல்இடிகளைத் தலைகீழாக வைத்துவிட்டு, ஐந்தாம் மாடி ஏன் பாதி இருட்டு என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

முதல் ஓட்டத்துக்கு வீட்டிலுள்ள எல்லாரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். விளக்கைப் போட்டேன். ஆறு மாடியும் சடசடவென்று மேலிருந்து கீழே ஓடின, மறுபடி மேலிருந்து கீழே. டிஸ்கோ விளக்குபோல. மகள் கைதட்டினாள்.

"இவ்வளவு வேகமா யாரால கூட்ட முடியும்?" என்றார் அம்மா.

வேகத்தை முடிவு செய்வது 555-உடன் இருக்கும் கெப்பாசிட்டர். அதன் கொள்ளளவு கூடக்கூடத் துடிப்பு மெதுவாகும். பெரியதாக ஒன்றை மாற்றினேன். மாடிக்கு எட்டு வினாடி. அம்மா தலையை ஆட்டினார். இன்னும் பெரியது. இருபது வினாடி. "ஆ சோவுக்கு முட்டி வலி. மெதுவாத்தான் வருவா" என்றார். அரை நிமிடத்தில் நிறுத்தினேன். இப்போது ரயில் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஒரு மாடிகூட முடிவதில்லை. பார்க்க வருகிற நண்பர்கள் பழைய கட்டடங்களைத்தான் படம் எடுக்கிறார்கள். இதைக் காட்டினால், "இதுல பல்பு போயிடுச்சா?" என்று கேட்கிறார்கள்.

மகள் ஒரு நாள் பாட்டியை அந்தக் கட்டடத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றாள். இந்த அளவில் ஒரு மனிதர் ஒரு சென்டிமீட்டர். நான் வாங்கி வைத்திருந்த பொம்மை மனிதர்களில் கைப்பையோடு பயணிகள் இருந்தார்கள், தொப்பி போட்ட நிலைய அதிகாரி இருந்தார், குடை பிடித்த பெண்கூட இருந்தாள். துடைப்பம் பிடித்தவர் ஒருவரும் இல்லை. குடைப் பெண்ணின் குடையை வெட்டி, ஒரு செப்புக் கம்பியை ஒட்டி, சட்டைக்கு நீலம் பூசினாள் மகள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நான் இவ்வளவு குண்டா இருந்ததில்ல" என்றார். ஆனாலும் உள்ளே வைக்கச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் டிரேசிங் பேப்பருக்குப் பின்னால் ஆள் தெரியாது. இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு திருத்தம் சொன்னார். ஆறு மாடிகளில் மேல் மாடியின் மூலை அறையில் ஒருவர் இருப்பாராம். சீனர், கண்ணாடி போட்டவர். இவர்கள் வேலையைத் தொடங்கும்போதும் இருப்பார், முடிக்கும்போதும் இருப்பார். வேக்கம் அடிக்கும்போது படித்துக்கொண்டே இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார். தீபாவளிக்கு அம்மா முறுக்கு கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தால், மறுநாள் டப்பாவைக் கழுவி வைத்திருப்பார். மாடி விளக்கை எல்லாம் அணைத்தாலும் அவருடைய அறையை மட்டும் விட்டுவிட்டு இறங்குவார்கள். சூப்பர்வைசரும் அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

சில்லோடு சேராமல் தனியாக ஒரு எல்இடியை அந்த மூலையில் வைத்தேன். அது மட்டும் அணையாது.

போன வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். அம்மா படுத்துவிட்டார். ரயிலை நிலையத்தில் நிறுத்திவிட்டு, சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். தெருவிளக்கு, வீவக புளோக், உருண்டைக் கட்டடம், ஆறு மாடி. ராபின்சன் ரோட்டுக்குக் கையைக் கொண்டுபோனபோது இருட்டிலிருந்து குரல் வந்தது.

"அத விட்டுடு. அவரு இன்னும் கிளம்பல."